மயக்க ஊசியும் மருந்தடிக்கிற கையும்



ஞானப்பல் எடுத்துட்டு மயக்கம் தெளிஞ்சு வர்றவங்களை எடுத்த வீடியோக்களை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் காரணமே இல்லாம அழுவார். அடுத்த நிமிஷம் சிரிப்பார். கூட நிக்கிற அம்மாவையே "நீங்க யாரு?"ன்னு கேட்பார். நாமளும் நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு மறந்துடுவோம்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி ஒரு நல்ல பாடம் இருக்கு. மயக்க மருந்து குடுத்த பிறகு உடம்பு விசித்திரமா நடந்துக்குறதுல சிலது சாதாரணம், அரை மணியில் சரியாயிடும். சிலது அபூர்வம், ஆனா ஆபத்து. அந்த அபூர்வமான வகையில் ஒண்ணுக்கு நம்ம ஊரோடயும் நம்ம ஏலமலையோடயும் சம்பந்தம் இருக்கு. அது என்னன்னு படிப்படியா பார்க்கலாம். மெடிக்கல் படிப்பு தேவையில்லை. பிளஸ் டூ வேதியியல் ஞாபகம் இருந்தா போதும்.

எல்லாப் பல்லுக்கும் முழு மயக்கம் இல்லை

முதல்ல ஒரு தெளிவு. நம்ம ஊர்ல பல் பிடுங்கப் போனா பெரும்பாலும் ஈறில் மரத்துப்போற ஊசி மட்டும்தான் போடுவாங்க. நீங்க முழிச்சுக்கிட்டே இருப்பீங்க. இந்தக் கட்டுரை அதைப் பற்றி இல்லை.

முழு மயக்கம் குடுக்க வேண்டிய பல், வாய் ஆபரேஷன்களும் உண்டு. எலும்புக்குள்ளே படுத்துக் கிடக்கும் ஞானப்பல் நாலையும் ஒரே தடவையில் எடுப்பது, பைக் விபத்தில் உடைஞ்ச தாடையைத் தகடு வைத்துச் சேர்ப்பது, வாய்ப்புற்று அறுவை சிகிச்சை, வாய் நிறையச் சொத்தையோடு வர்ற மூணு நாலு வயசுக் குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பது இதெல்லாம் அந்த வகை. போடி பக்கத்திலிருந்து இதுக்கெல்லாம் க.விலக்கில் இருக்கிற தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ போறது வழக்கம்.

மயக்க மருந்துக்கும் பல்லுக்கும் பழைய சொந்தம். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துட்டுத் தன் பல்லையே பிடுங்கக் குடுத்தார். 1846 செப்டம்பரில் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்கிற இன்னொரு பல் மருத்துவர் ஈதர் குடுத்து ஒரு நோயாளியின் பல்லை எடுத்தார். அடுத்த வருஷமே ஈதர் கல்கத்தாவுக்கு வந்துட்டது. ஆக, மயக்கவியல் என்கிற துறையே பல்வலியில் இருந்து பிறந்ததுன்னு சொன்னா தப்பில்லை.

முழு மயக்கம் என்பது ஒரு மருந்து இல்லை

"மயக்க ஊசி"ன்னு ஒத்தையா சொல்றோம். உண்மையில் அங்கே மூணு வேலை நடக்குது. நினைவை அணைக்க ஒரு மருந்து. வலியை அடக்க இன்னொரு மருந்து. தசைகளைத் தளர்த்த மூணாவது மருந்து. ஒவ்வொண்ணும் தனித்தனி சர்க்யூட் மாதிரி. ஒண்ணு ஆன் ஆகி இன்னொண்ணு ஆஃப் ஆகலாம். இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தசையை ஏன் தளர்த்தணும்? மூச்சுக்குழாயில் ஒரு டியூப் வைக்கணும். குரல்நாண் இறுகி இருந்தா டியூப் உள்ளே போகாது. வாய் ஆபரேஷன்ல இன்னொரு சிக்கல்: டாக்டர் வேலை செய்யுற இடமே வாய். அதனால டியூபைப் பெரும்பாலும் மூக்கு வழியா விடுவாங்க. ரத்தமும் தண்ணியும் உள்ளே இறங்காம தொண்டையில் துணித் திரி வைப்பதும் உண்டு. தசை தளர்ந்ததும் நெஞ்சுத் தசையும் நின்னுபோகும். அந்த நேரம் முழுக்க மூச்சு விடுறது நீங்க இல்லை, மெஷின்.

பயப்பட வேண்டாத விசித்திரங்கள்

இப்போ அந்த வீடியோக்களுக்கு வருவோம்.

அழுகை, சிரிப்பு, உளறல்: மூளை ஒரே நேரத்தில் முழுசா முழிக்கிறதில்லை. கண் திறந்திருக்கும், வாய் பேசும், ஆனா நிதானிக்கிற பகுதியும் நினைவைச் சேமிக்கிற பகுதியும் இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி பதற்றம் தணியக் குடுக்கிற மிடசோலம் மாதிரி மருந்துகளும் நினைவுப் பதிவைத் தடுக்கும். அதனாலதான் பேசினவருக்கே பேசினது ஞாபகம் இருக்காது. சின்னக் குழந்தைகள் சில பேர் தெளியுற நேரத்தில் யாரையும் அடையாளம் தெரியாம கத்தி, திமிறி, உதைப்பாங்க. பார்க்கிற பெத்தவங்களுக்கு உயிரே போயிடும். பெரும்பாலும் அரை மணிக்குள்ள அடங்கி, குழந்தை தூங்கி எழுந்து வழக்கம்போல ஆயிடும். கெட்டமின் என்கிற மருந்து குடுத்திருந்தா பெரியவங்களுக்கும் விசித்திரமான கனவுகள் வரலாம்.

நடுக்கம்: ஆபரேஷன் அறை குளிர். மயக்க மருந்து உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டையும் தளர்த்திடும். தெளிஞ்சதும் உடம்பு சூட்டை மீட்க நடுங்கும். போர்வை போதும்.

தொண்டை வலி, மூக்கில் லேசா ரத்தம்: டியூப் போன வழி அது.

அடுத்த நாள் உடம்பு வலி: இதுதான் எல்லாரையும் குழப்பும். "பல்லைத்தானே எடுத்தாங்க, தோளும் கழுத்தும் நெஞ்சும் ஏன் அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்குது?" ஜிம்முக்கு முதல் நாள் போயிட்டு வந்த வலி மாதிரியே இருக்கும். குறிப்பா, ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே எழுந்து நடமாடுற இளவயசுக்காரங்களுக்கு அதிகம். இதுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு மருந்து. பேரு சக்சினைல்கோலின். ஆஸ்பத்திரிகளில் செல்லமா "ஸ்கோலின்". இந்தக் கட்டுரையின் கதாநாயகனும் வில்லனும் இதுதான்.

ஒரு சின்ன வேண்டுகோளையும் இங்கேயே சொல்லிடறேன். நண்பன் உளறுறதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. நினைவே இல்லாத நேரத்தில் ஒருத்தன் பேசினது அவன் சம்மதத்தோட பேசினது ஆகாது.

ஸ்கோலின் எப்படி வேலை செய்யுது?

நரம்பு, தசைக்குக் கட்டளை அனுப்புறது அசிட்டைல்கோலின் என்கிற மூலக்கூறு வழியா. நரம்பு முனையில் அது கொட்டும், தசை சுருங்கும். உடனே அங்கேயே காத்திருக்கிற ஒரு நொதி அதை மில்லிசெகண்டுகளில் வெட்டிப் போட்டுடும். ஸ்விட்ச் ஆன், ஸ்விட்ச் ஆஃப்.

ஸ்கோலின் என்பது இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு கோத்த மாதிரி ஒரு அமைப்பு. தசையில் போய் உட்கார்ந்து ஸ்விட்சை ஆன் பண்ணும். அந்த நிமிஷம் உடம்பு முழுக்கத் தசைகள் சிலிர்த்துத் துடிக்கும். (மறுநாள் உடம்பு வலி வர்றது இதனாலதான்னு சொல்வாங்க.) ஆனா நரம்பு முனையில் இருக்கிற நொதியால இதை வெட்ட முடியாது. ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே சிக்கிக்கும். சிக்கின ஸ்விட்சுக்கு அடுத்த கட்டளை போனா எடுக்காது. தசை தளர்ந்துடும்.

ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம்தான் அளவு. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 மில்லிகிராம். ஒரு நிமிஷத்துக்குள்ள வேலை செய்யும். பொதுவா 5 முதல் 10 நிமிஷத்தில் தானா மூச்சு திரும்பிடும். இந்த வேகத்துக்காகத்தான் 1950-களில் இருந்து இன்னைக்கு வரைக்கும் இதை வச்சிருக்காங்க. அவசரமா டியூப் போட வேண்டிய இடத்தில் இது பெரிய வரம்.

சரி, நரம்பு முனை நொதியால வெட்ட முடியாத மருந்து, பத்து நிமிஷத்தில் எப்படிக் காணாமப் போகுது? ரத்தத்தில் இன்னொரு நொதி மிதந்துக்கிட்டு இருக்கு. பேரு பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ். கல்லீரல் தயாரிச்சு ரத்தத்தில் விடுது. ஊசியில் ஏத்தின மருந்தில் பெரும்பகுதியை, அது தசைக்குப் போய்ச் சேருறதுக்கு முன்னாடியே இந்த நொதி வெட்டிடும். மீதிதான் வேலை செய்யுது. அதாவது டாக்டர் ஊசியில் எடுக்கிற அளவே, "இந்த ஆள் ரத்தத்தில் வெட்டுறவன் இருக்கான்" என்கிற நம்பிக்கையில் போட்ட கணக்கு.

இப்போ இன்ஜினியர் மூளைக்கு ஒரு கேள்வி: அந்த வெட்டுறவன் இல்லைன்னா?

கோவையில் கண்ட "சைலன்ட்" ஜீன்

மருந்து பல மடங்கு அதிகமா தசைக்குப் போகும். வெளியே வர வழி இருக்காது. பத்து நிமிஷத்துக்குப் பதிலா பல மணி நேரம் தசை அசையாது, மூச்சு வராது. மருத்துவத்தில் இதுக்கு "ஸ்கோலின் ஆப்னியா"ன்னு பேர்.

1957-இல் கனடாவில் வெர்னர் கேலோவும் அவர் குழுவும் இதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு எளிய அளவீட்டைக் கண்டுபிடிச்சாங்க. டிபுகெய்ன் என்கிற மருந்தைச் சேர்த்தா சாதாரண நொதியின் வேலையில் ஏறக்குறைய 80 சதவீதம் தடைபடும். மாறுபட்ட வகை நொதியில் 20 சதவீதம்தான் தடைபடும். அம்மா, அப்பா ரெண்டு பேரிடமிருந்தும் மாறுபட்ட ஜீன் வந்தவங்களுக்குத்தான் பெரிய பிரச்சினை என்பதும் தெரிஞ்சது. மருந்துக்கும் ஜீனுக்கும் உள்ள உறவைப் படிக்கிற தனித் துறை ஒண்ணு வளர்ந்ததில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐரோப்பியர்களில் நொதியே வேலை செய்யாத "சைலன்ட்" வகை லட்சத்தில் ஒருத்தருக்குத்தான். ஆனா நம்ம பக்கத்தில், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆர். பூபதி, ஐ. மனோகரன் ஆகியோர், அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒக்சானா லாக்ரிட்ஜ் போன்றவர்களோட சேர்ந்து கோவையில் வாழும் வைசிய சமூகத்தாரிடம் ஆய்வு பண்ணினாங்க. 2006, 2007-இல் வெளியான அந்த முடிவு ஆச்சரியமானது: 24 பேரில் ஒருத்தருக்கு இந்த சைலன்ட் வகை. ஐரோப்பாவை விட ஏறக்குறைய 4,000 மடங்கு.

காரணம், ஜீனில் ஒரே எழுத்து மாற்றம். புரதச் சங்கிலியில் 307-வது இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் உட்கார்ந்துட்டது. அவ்வளவுதான். புரோலின் சங்கிலியை முறுக்கி வளைக்கிற அமினோ அமிலம். நொதி நிலைக்காது.

இதை "அந்தச் சமூகத்துக்கு ஏதோ குறை"ன்னு யாரும் படிச்சிடாதீங்க. அந்த மாற்றம் உள்ளவங்க முழு ஆரோக்கியமா இருக்காங்க. வாழ்நாள் முழுக்க அப்படி ஒண்ணு தன்கிட்ட இருக்கிறதே தெரியாம வாழ்ந்து முடிக்கலாம். அது வெளியே தெரியுறது ஆபரேஷன் மேஜையில் மட்டும்தான். சில நூறு தலைமுறைகளோ, சில பத்துத் தலைமுறைகளோ ஒரு கூட்டத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் குடுத்து வந்தா, முன்னோர் ஒருத்தரிடம் இருந்த ஜீன் அந்தக் கூட்டத்தில் பெருகும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நடந்திருக்கு? 2017-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களுக்கு இந்த "சிறு கூட்டத்தில் இருந்து பெருகிய" தடயம், அதுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களை விடவும் அதிகமா இருந்தது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதனதன் ஒளிஞ்ச ஜீன் இருக்கலாம். கோவையில் ஒண்ணைத் தேடிப் பார்த்தாங்க, கண்டுபிடிச்சாங்க.

ஜீன் சரியா இருந்தாலும்: நம்ம மலைக்கு வருவோம்

பிறவியிலேயே நொதி இல்லாதவங்க கதை இது. நல்ல நொதியோட பிறந்தவங்களுக்கும் அதை வெளியில் இருந்து வந்து முடக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கு. அதைத் தேடி லேபுக்குப் போக வேண்டாம். காலையில் இருட்டோட போடியில் கிளம்புற ஜீப்புல ஏறினா போதும்.

போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற அப்பா, அம்மா, அண்ணன்மார் நம்ம கிளாஸ்லயே எத்தனை பேருக்கு இருக்காங்க! லீவு நாள்ல தானும் போயிட்டு வர்ற பசங்களும் உண்டு. ஏலச்செடிக்குப் பேனும் துளைப்பானும் தீராத தொல்லை. மழையும் நிழலும் உள்ள இடம், பூச்சி விடாது. அதனால மருந்தடிப்பு வருஷத்துல பல சுத்து வரும். அதில் பயன்பட்டு வந்த குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சியை எப்படிக் கொல்லுது? நரம்பு முனையில் அசிட்டைல்கோலினை வெட்டுற அந்த நொதியை முடக்கித்தான். மனுஷ உடம்புக்குள்ள போனா அதே வேலையை நம்ம நொதிகள்லயும் செய்யும். ரத்தத்தில் மிதக்கிற பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ் முதல்ல மாட்டும். ஒரு பஞ்சு மாதிரி அந்த விஷத்தை உறிஞ்சிக்கிட்டு, தான் முடங்கி, நரம்பைக் காப்பாத்தும். ஒரு நொதி மூலக்கூறு ஒரு விஷ மூலக்கூறைப் பிடிச்சா அதோட அதன் ஆயுசு முடிஞ்சது. கல்லீரல் புதுசாத் தயாரிச்சுப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சில வாரங்கள் ஆகும்.

விஷம் வாய் வழியாத்தான் போகணும்னு இல்லை. தோல் வழியாவே இறங்கும். டிரம்மில் மருந்தைக் கையால கலக்குறது, ஓஸைத் தோள்ல போட்டு ஈரச்சட்டையோட நாள் முழுக்க நிக்கிறது, மூக்குக்கு ஒரு துண்டை மட்டும் கட்டிக்கிறது, அந்தக் கையோடயே சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்கிறது எல்லாமே வழிகள்தான். அடைப்பு எடுக்கக் குழாய் மூக்கை வாயால ஊதுறதும் அப்படித்தான்.

இப்போ ரெண்டு கதையையும் சேர்த்துப் பாருங்க. தொடர்ந்து மருந்தடிச்ச ஒருத்தர், பைக்ல வளைவுல விழுந்து தாடை உடைஞ்சு ஆஸ்பத்திரிக்கு வர்றார். முழு மயக்கம் குடுக்கணும். டாக்டர் கேட்கிறார்:

"ஏதாச்சும் மருந்து எடுத்துக்கிறீங்களா?"

"இல்லீங்க சார்."

"சுகர், பிரஷர்?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் பொய் சொல்லலை. சாப்பிடுற மருந்து எதுவும் இல்லைதான். டாக்டரும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். ஆனா நம்ம ஊர்ல பூச்சிக்கொல்லிக்கும் பேரு "மருந்து"தான். "மருந்தடிக்கப் போறேன்"னு சொல்றோம், "விஷம் அடிக்கப் போறேன்"னு சொல்றதில்லை. ஒரே சொல் ரெண்டு பொருளுக்கு நின்னதால, சொல்ல வேண்டிய ஒரு தகவல் ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்துபோச்சு.

எவ்வளவு பயப்படணும்?

அளவோட பயப்படணும். இதுவும் பாடத்தில் முக்கியமான பகுதி.

நம்ம ரத்தத்தில் இந்த நொதி தேவைக்கு மேலேயே இருக்கு. பாலம் கட்டுறப்ப சேஃப்டி ஃபேக்டர் வைக்கிற மாதிரி. நொதியின் வேலை பாதியா குறைஞ்சாலும் ஸ்கோலின் சில நிமிஷம் கூடத் தங்கும், அவ்வளவுதான். அஞ்சில் ஒரு பங்கா இறங்கினாலும் பொதுவா நிமிஷக் கணக்கில்தான் நீளும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனாத்தான் மணிக்கணக்கு. பிறவியிலேயே சைலன்ட் வகை உள்ளவங்க அந்த நிலை. கடுமையா பூச்சிமருந்து ஏறினவங்களும் அந்த நிலைக்குப் போகலாம். கல்லீரல் நோய், கர்ப்பகாலம், சத்துக்குறைவு இதெல்லாமும் நொதியைக் கொஞ்சம் குறைக்கும். ரெண்டு மூணு காரணம் ஒண்ணு சேர்ந்தா கணக்கு மாறும். பிறவியில் நொதி இல்லாத ஒருத்தர் மருந்தடிக்கிற வேலைக்குப் போனா, விஷத்தை உறிஞ்ச அந்தப் பஞ்சும் அவர்கிட்ட இல்லை என்பதையும் யோசிக்கணும்.

அப்படியே ஸ்கோலின் ஆப்னியா வந்தாலும், கவனிச்சுட்டா உயிருக்கு ஆபத்து இல்லை. வைத்தியம் ரொம்ப எளிது: மெஷின் மூச்சு விடட்டும், நோயாளியைத் தூங்க வைங்க, காத்திருங்க. மருந்து மெதுவா தானா வடிஞ்சுடும்.

ஆபத்து எங்கேன்னா, கவனிக்காத இடத்தில். ஆரம்பத்தில் சொன்ன மூணு சர்க்யூட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. ஆபரேஷன் முடிஞ்சதுன்னு தூக்க மருந்தை நிறுத்திட்டாங்க. தசை இன்னும் தளர்ந்தே கிடக்கு. நினைவு திரும்பிடுச்சு, ஆனா கண்ணிமையைக்கூட அசைக்க முடியலை, மூச்சு எடுக்க முடியலை, கத்தவும் முடியலை. வெளியே இருந்து பார்த்தா "இன்னும் தெளியலை"ன்னு தோணும். அந்த மனுஷனுக்கு அது வாழ்நாளில் மறக்க முடியாத பயம்.

இதைத் தடுக்க ஒரு அழகான கருவி இருக்கு, இசிஇ நண்பர்களுக்குப் பிடிக்கும். மணிக்கட்டுல ரெண்டு எலக்ட்ரோடு ஒட்டி, அரை செகண்டுக்கு ஒண்ணா நாலு மின்துடிப்பு குடுப்பாங்க. கட்டைவிரல் நாலு தடவையும் சமமா துடிச்சா தசை மீண்டாச்சு. துடிக்கலைன்னா நோயாளியை எழுப்பக் கூடாது.

மாற்று மருந்துகளும் இருக்கு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டென்லேக் குழு உருவாக்கின அட்ராகூரியம் ஒரு நல்ல உதாரணம். உடம்புச் சூட்டிலும் ரத்தத்தின் அமில-காரச் சமநிலையிலும் தானாவே சிதையுற மாதிரி அந்த மூலக்கூறை வடிவமைச்சாங்க. இந்த நொதி இருக்கா இல்லையான்னு அது கவலைப்படாது. வெளியே வர்ற வழியை மூலக்கூறுக்குள்ளேயே வச்சுக் கட்டின டிசைன்! நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் இது சாதாரணமா கிடைக்கிற மருந்து. ஆக, முன்கூட்டியே தெரிஞ்சா மருந்தை மாத்திடலாம். பிரச்சினையே வராது.

எல்லாம் அந்த "தெரிஞ்சா"வில்தான் இருக்கு.

சொன்னதால பிழைச்ச ஒரு மாணவன்

முன்கூட்டிச் சொல்றதுக்கு எவ்வளவு மதிப்புன்னு காட்ட இன்னொரு உண்மைச் சம்பவம். இது வேற கோளாறு, ஆனா பாடம் ஒண்ணுதான்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 21 வயசு மாணவன் ஒருவன் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்தான். காலைப் பத்தி அவன் அவ்வளவா கவலைப்படலை. "எனக்கு மயக்க மருந்து குடுத்துடாதீங்க"ன்னுதான் பயந்தான். ஏன்னா அவன் சொந்தத்தில் பத்துப் பேர் மயக்க மருந்து குடுத்ததை ஒட்டியே செத்திருந்தாங்க. டாக்டர்கள் அவன் பேச்சைக் காதில் வாங்கினாங்க. எச்சரிக்கையா ஹாலோத்தேன் குடுத்தாங்க. உடம்பு கொதிக்க ஆரம்பிச்ச அறிகுறி தெரிஞ்சதும் உடனே நிறுத்திக் குளிர வச்சாங்க. அவன் பிழைச்சான். 1960-இல் டென்பரோ, லோவெல் ரெண்டு பேரும் லான்செட் இதழில் இதை எழுதினாங்க. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்கிற பரம்பரைக் கோளாறு உலகத்துக்குத் தெரிய வந்தது இப்படித்தான். சில மயக்க வாயுக்களும் நம்ம ஸ்கோலினும் அதைத் தூண்டிவிடும்னும், டான்ட்ரோலின் என்கிற மருந்து அதை அடக்கும்னும் பிற்பாடு கண்டுபிடிச்சாங்க.

அந்தப் பையனிடம் எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் இல்லை. இருந்தது ஒரு குடும்பக் கதை மட்டும். நம்ம வீடுகளிலும் அப்படிக் கதைகள் இருக்கும். "அம்மாச்சிக்கு ஆபரேஷன் பண்ணப்ப ராத்திரி வரைக்கும் கண்ணு முழிக்கலை." "பெரியப்பாவை மெஷின்ல வச்சுத்தான் காப்பாத்தினாங்க." நாம அதைக் கடவுள் புண்ணியம்னு சொல்லி அடுத்த பேச்சுக்குப் போயிடுறோம். மயக்க மருத்துவருக்கு அது விலைமதிப்பில்லாத டேட்டா.

ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் கூடப் போவீங்க

வீட்டில் யாருக்காச்சும் ஆபரேஷன்னா "படிச்ச புள்ள"ன்னு ஃபார்ம் நிரப்பக் கூப்பிடுறது உங்களைத்தான். அப்போ மயக்க மருத்துவரிடம், கேட்காட்டியும், இதைச் சொல்லுங்க:

1. வீட்டில், ரத்த சொந்தத்தில் யாருக்காவது மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆனதா, மெஷினில் வச்சாங்களா, திடீர்னு கடும் காய்ச்சல் வந்ததா, ஆபரேஷன் மேஜையில் இறப்பு உண்டா.

2. பூச்சிமருந்து அடிக்கிற, கலக்குற, மருந்தடிச்ச தோட்டத்தில் வேலை பார்க்கிற பழக்கம் உண்டா. கடைசியா எந்தத் தேதியில், என்ன மருந்து. டப்பாவில் இருக்கிற லேபிளை ஒரு போட்டோ எடுத்துக் காட்டினா இன்னும் நல்லது. "மருந்து"ன்னு மட்டும் சொல்லாதீங்க, "பூச்சிமருந்து"ன்னு சொல்லுங்க.

3. அவசரமில்லாத ஆபரேஷன்னா, மருந்தடிப்பு முடிஞ்ச கையோட தேதி குறிக்காம, எத்தனை வாரம் தள்ளலாம்னு கேளுங்க. ரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் அளவு பார்க்கிற டெஸ்ட் இருக்கு. பூச்சிமருந்து குடிச்சு வர்றவங்களுக்கு வழக்கமா எடுக்கிற அதே டெஸ்ட்தான்.

4. ஒருத்தருக்கு ஸ்கோலின் ஆப்னியா வந்தா, அந்த மருந்தின் பேரையும் நடந்ததையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்க. கூடப் பிறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் அதே ஜீன் ரெண்டும் வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவங்களும் டெஸ்ட் எடுக்கணும்.

5. வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத்திணறல், நிக்காத ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போறது, இதில் எது வந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. தொண்டை வலிக்கும் தோள் வலிக்கும் ரெண்டு மூணு நாள் பொறுக்கலாம்.

இதைப் படிச்சுட்டு யாரும் ஆபரேஷனுக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். இன்னைக்கு முழு மயக்கம் ரொம்பப் பாதுகாப்பானது. அது பாதுகாப்பா இருக்கிறதுக்கு மெஷினும் மருந்தும் எவ்வளவு காரணமோ, ஆபரேஷனுக்கு முதல் நாள் நடக்கிற அந்தப் பத்து நிமிஷப் பேச்சும் அவ்வளவு காரணம்.

இந்த வார லீவுக்கு வீட்டுக்குப் போறப்ப ரெண்டு வேலை பண்ணுங்க. அப்பா மருந்தடிக்கப் போனா கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுறாரா, வந்ததும் சோப்பு போட்டுக் குளிக்கிறாரா பாருங்க. ராத்திரி சாப்பிடுறப்ப, "நம்ம சொந்தத்துல யாருக்காச்சும் ஆபரேஷன்ல ஏதாவது ஆச்சா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. வர்ற பதிலை போன்ல குறிச்சு வைங்க. என்னைக்காவது ஒரு டாக்டருக்கு அது தேவைப்படும்.